பத்து டாலர் ஸ்விட்சும் பேசாத பிரிண்டரும்

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. டாக்காவில் வார விடுமுறை. மோதிஜீலில் உள்ள வங்கதேச மத்திய வங்கியில், ஏறக்குறைய 12 அடிக்கு 8 அடி, ஜன்னல்கூட இல்லாத ஓர் அறை. உள்ளே நான்கு சர்வர், நான்கு திரை, ஒரு பிரிண்டர். உலக வங்கிகள் ஒன்றுக்கொன்று பண உத்தரவு அனுப்பும் செய்தி வலைக்கு ஸ்விஃப்ட் என்று பெயர். அதன் வழியாக முந்தைய நாள் நடந்த பணப் பரிமாற்றங்கள் எல்லாம் அந்தப் பிரிண்டரில் தானாகவே அச்சாகி ட்ரேயில் கிடக்க வேண்டும். அன்று காலை முறைக்கு வந்த அதிகாரி பார்த்தபோது ட்ரே காலி. கையால் அச்சிட்டுப் பார்த்தும் தாள் வரவில்லை. பிரிண்டர் மக்கர் செய்வது அங்கே புதிதும் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

நம் ஊர் ஆபீஸ் எதுவாக இருந்தாலும் இதைத்தான் செய்திருக்கும். பிரிண்டர் ஓடவில்லை என்று யாராவது போலீசுக்கா போன் போடுவார்கள்?

ஆனால் முந்தைய இரவே அந்த அறையிலிருந்து நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 உத்தரவுகள் போயிருந்தன. எங்கள் கணக்கில் உள்ள பணத்தை இன்னின்ன இடங்களுக்கு அனுப்புங்கள் என்று. மொத்தம் 951 மில்லியன் டாலர். வங்கியில் யாரும் அவற்றை அனுப்பவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வட கொரியா, மணிலா சூதாட்ட விடுதி, காணாமல் போன கோடிகள் என்று படம் மாதிரி சொல்வார்கள். நான் கடைகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் லேன், அதாவது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலை, போட்டுக் கொடுக்கிற ஆள். என் கண் போன இடம் வேறு. விசாரணை அதிகாரிகள் போகிற போக்கில் சொன்ன ஒரு சங்கதி, ஸ்விட்ச். லைட் ஸ்விட்ச் இல்லை, கம்ப்யூட்டர் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. அதைப் பற்றித்தான் இந்த ஆய்வு.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2015 ஜனவரியில் வங்கி ஊழியர்கள் சிலருக்கு வேலை கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. ரொம்பப் பணிவான நடை. என் பயோடேட்டா இந்த லிங்கில் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றது. யாரோ இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். அதோடு ஒரு நச்சு நிரல் கள்ளச் சாவியாக உள்ளே போய்விட்டது. அமெரிக்க நீதித்துறை 2018 செப்டம்பரில் பாக் ஜின் ஹியோக் என்ற வட கொரியர் மீதான குற்றச்சாட்டை வெளியிட்டபோது இந்த மின்னஞ்சல் விவரங்களும் அதில் இருந்தன. அப்புறம் ஏறக்குறைய ஓராண்டு வந்தவர்கள் அவசரப்படவே இல்லை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல நகர்ந்து, ஸ்விஃப்ட் அறைக்குப் போகிற வழியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாள் குறித்த விதத்தைப் பாருங்கள். பிப்ரவரி 4 வியாழன் இரவு, டாக்கா ஆபீஸ் மூடிய பிறகு. வெள்ளியும் சனியும் வங்கதேசத்தில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயார்க்கில் விடுமுறை. திங்கள், 8ஆம் தேதி, சீனப் புத்தாண்டு. மணிலாவில் வங்கிகள் மூடியிருக்கும். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்க மாட்டார்கள்.

35 உத்தரவுகளும் முதல் தடவை திரும்பி வந்தன. இடையில் நிற்கும் வங்கிகளின் பெயரைச் சரியாகப் போடவில்லை என்பதால் வடிவம் தப்பு என்று ஃபெடரல் ரிசர்வ் திருப்பிவிட்டது. திருடர்கள் திருத்தி மறுபடி அனுப்பினார்கள். இந்த முறை ஐந்து நிறைவேறின. மொத்தம் 101 மில்லியன் டாலர். அதில் 81 மில்லியன், மணிலா பெருநகரத்தில் மகாத்தி பகுதியின் ஜூபிட்டர் தெருவில் இருந்த ஆர்சிபிசி வங்கிக் கிளைக்குப் போனது. அங்கே 2015 மே மாதமே தலா 500 டாலர் போட்டுக் கணக்குகள் திறந்து, தூங்க விட்டிருந்தார்கள். மீதி 30 உத்தரவுகள் நின்றதற்கு ஒரு காரணம் அந்தத் தெருப் பெயர்தான் என்பது வேடிக்கை. 'ஜூபிட்டர்' என்பது அமெரிக்கத் தடைப்பட்டியலில் இருந்த ஒரு கப்பல் நிறுவனத்தின் பெயரிலும் வந்ததால் எச்சரிக்கை மணி அடித்தது. 850 மில்லியன் டாலர் பிழைத்ததில் ஒரு பெயர்ப் பொருத்தத்துக்கும் பங்கு உண்டு.

20 மில்லியன் டாலர் இலங்கைக்கு, ஷாலிகா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கணக்குக்குக் கிளம்பியது. உத்தரவில் 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபேண்டேஷன்' என்று பிழையாக அடித்திருந்தார்கள். இடையில் இருந்த டாய்ச்சே வங்கி அதைக் கவனித்து விளக்கம் கேட்டது. இலங்கையில் பணத்தைப் பெற வேண்டிய பான் ஏசியா வங்கியும், இவ்வளவு பெரிய தொகை ஒரே தடவையில் வருகிறதே என்று சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டது. பணம் திரும்பிப் போனது. கொழும்பில் இருந்தவர்களுக்கு ஃபயர்வால் அறிவெல்லாம் தேவைப்படவில்லை, 'இது நம்ம அளவுக்கு அதிகமா இருக்கே' என்ற கடைக்காரப் புத்தி போதுமாயிருந்தது.

சரி, ஸ்விட்சுக்கு வருகிறேன்.

2016 ஏப்ரலில் வங்கதேசக் காவல்துறை சிஐடியின் தடயவியல் பயிற்சி நிலையத் தலைவர் செய்தியாளர்களிடம் இரண்டு விஷயம் சொன்னார். வங்கியில் ஃபயர்வால், அதாவது நெட்வொர்க்கில் வருவதையும் போவதையும் சலித்துத் தடுக்கும் காவல், இல்லை. ஸ்விஃப்ட்டோடு இணைந்த கம்ப்யூட்டர்களுக்கு நடுவே இருந்தவை 10 டாலர் விலையுள்ள செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச்கள். அன்றைய மாற்று விகிதத்தில் 700 ரூபாய்கூட வராது. ஒரு நாட்டின் மத்திய வங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் பண உத்தரவுகள் அந்த வழியாகத்தான் ஓடின.

உலகப் பத்திரிகைகள் எல்லாம் 'பத்து டாலர்' என்பதைத் தலைப்பாக்கின. நான் அதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். விலை குற்றமில்லை. அந்தப் பெட்டிக்கு ஒரு வேலை தெரியாது, அதுதான் குற்றம்.

சாதாரண ஸ்விட்ச் செய்வது ரொம்ப எளிய வேலை. கேபிள் குத்த எட்டு ஓட்டை (போர்ட்) இருக்கிறது என்றால், எந்த ஓட்டையில் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று அதன் மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணைப் பார்த்து ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளும். இரண்டாவது ஓட்டையிலிருந்து வந்த தகவல் பொட்டலம் ஐந்தாவது ஓட்டைக்காரருக்கு என்றால் அங்கே தள்ளிவிடும். யார் என்றே தெரியாவிட்டால் எல்லா ஓட்டைக்கும் அனுப்பிப் பார்க்கும். அவ்வளவுதான். நீ யார், அவரிடம் உனக்கென்ன வேலை என்று கேட்கத் தெரியாது. கேபிள் குத்தினவர் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

இங்கே பலருக்கும் புரியாத ஓர் இடம் இருக்கிறது. 'எங்க ரவுட்டர்லதான் ஃபயர்வால் இருக்கே' என்பார்கள். இருக்கட்டும். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசும்போது ரவுட்டர் வரைக்கும் போவதே இல்லை, ஸ்விட்சிலேயே முடித்துக்கொள்கின்றன. ஃபயர்வால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. கூடத்திலிருந்து பூஜையறைக்கு யார் போகிறார் என்று அதற்குத் தெரியவே தெரியாது. வங்கதேச வங்கியில் ஃபயர்வாலே இல்லை என்பது ஒரு பிரச்சினை. வாசலில் ஒன்று இருந்திருந்தாலும், பயோடேட்டா மின்னஞ்சலைத் திறந்த கம்ப்யூட்டரும் ஸ்விஃப்ட் கம்ப்யூட்டரும் ஒரே பந்தியில் இருந்தவரை பெரிய பலன் இருந்திருக்காது.

விசாரணையில் இன்னும் ஒன்று வந்தது. 2015 இறுதியில் வங்கதேசத்தின் உள்நாட்டு உடனடிப் பணப் பட்டுவாடா அமைப்பை ஸ்விஃப்ட்டோடு இணைக்கும் வேலை நடந்தது. அதைச் செய்ய வந்த ஸ்விஃப்ட் தொழில்நுட்பர்கள் தனி லேன் போடாமல், இணையத்தைத் தொடும் ஏறத்தாழ 5,000 வங்கிக் கம்ப்யூட்டர்கள் இருந்த நெட்வொர்க்கிலேயே சேர்த்துவிட்டார்கள், வங்கியில் சும்மா கிடந்த ஒரு பழைய ஸ்விட்சை எடுத்து மாட்டினார்கள் என்று காவல்துறை குற்றம் சாட்டியது. ஸ்விஃப்ட் நிறுவனம் இதை மறுத்தது. தன் அமைப்பின் பாதுகாப்பு அந்தந்த வங்கியின் பொறுப்பு என்றது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் 'சும்மா கிடந்த ஸ்விட்ச்' என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை முடிகிற நேரம், சாயங்காலம் ஆறரை மணி, ஒரு போர்ட் குறைகிறது, ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டி கிடக்கிறது. அதை எடுத்து மாட்டாத லேன் ஆள் எவரையும் எனக்குத் தெரியாது. நானும் மாட்டியிருக்கிறேன்.

இதற்கு மாற்று, மேனேஜ்டு ஸ்விட்ச். ஓட்டைகளைக் குழுக்களாகப் பிரிக்கத் தெரிந்த பெட்டி. ஒவ்வொரு குழுவும் ஒரு விலேன். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நெற்றியில் ஒரு எண் ஒட்டி அனுப்பும். அந்த எண்ணுக்கு 12 பிட் ஒதுக்கியிருப்பதால் 4,094 குழுக்கள் வரை பிரிக்கலாம். ஒரு குழுவில் இருப்பவருக்கு அடுத்த குழு இருப்பதே தெரியாது. ஒரே பெட்டிக்குள் பல ஸ்விட்ச் இருக்கிற மாதிரி.

ஆனால் புதுப் பெட்டியைப் பிரித்து மாட்டினால் எல்லா ஓட்டையும் விலேன் 1 என்ற ஒரே குழுவில்தான் இருக்கும். யாரும் உள்ளே போய்ப் பிரிக்காவிட்டால், லட்ச ரூபாய் ஸ்விட்சும் அந்தப் பத்து டாலர் ஸ்விட்சும் ஒன்றுதான். பெரிய நிறுவனங்களின் ரேக்கில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டு இப்படிச் சும்மா நிற்கும் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். இதையே திருப்பிச் சொன்னால், ஸ்விஃப்ட் அறையின் நான்கு சர்வரும் ஒரு பத்து டாலர் ஸ்விட்சில் மாட்டப்பட்டு, அந்த ஸ்விட்சிலிருந்து வேறெங்கும் கேபிள் போகாமல், வெளியே போகும் ஒரே வழியில் ஒரு ஃபயர்வால் நின்றிருந்தால், அந்தப் பயோடேட்டா திருடன் ஓராண்டென்ன, மூன்றாண்டு சுற்றினாலும் அறை வாசலில்தான் நின்றிருப்பான்.

பிரிண்டர் கதைக்குத் திரும்புகிறேன். அது எனக்கு ஸ்விட்சைவிடவும் பிடித்த பகுதி.

பிரிட்டனைச் சேர்ந்த பிஏஈ சிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 2016 ஏப்ரலில் இந்தக் கொள்ளைக்குப் பயன்பட்டதாகக் கருதப்படும் நிரலைப் பிரித்துக் காட்டினார்கள். ஸ்விஃப்ட் மென்பொருளில் தரவுத்தளத்தைக் கையாளும் ஒரு கோப்பு உண்டு. அதில் ஒரு சரிபார்ப்பு: எல்லாம் முறைப்படி இருந்தால் மேலே போ, இல்லாவிட்டால் நிறுத்து. முடிவெடுக்கும் அந்த இடம் இரண்டே பைட். திருடர்கள் அந்த இரண்டு பைட்டை அழித்து, 'எதுவும் செய்யாதே' என்று பொருள்படும் இரண்டு பைட்டை வைத்தார்கள். அதன் பிறகு சரிபார்ப்பு எப்போதுமே 'சரி' என்றது. பூட்டை உடைக்கவில்லை, பூட்டின் நாக்கை மட்டும் அரத்தால் ராவிவிட்டார்கள். கதவு பார்க்கப் பூட்டியே இருக்கும்.

அடுத்து, தாங்கள் அனுப்பிய உத்தரவுகளின் தடத்தைத் தரவுத்தளத்திலிருந்து நீக்கினார்கள். நீக்க முடியாத ஒன்று மிச்சமிருந்தது, பிரிண்டரில் அச்சாகும் தாள். ஸ்விஃப்ட் மென்பொருள் அச்சுக்கு அனுப்பும் கோப்புகளையும் இடையில் பிடித்து, உள்ளே இருப்பதைப் பூஜ்யங்களால் நிரப்பினார்கள். சனிக்கிழமை, வங்கிக்காரர்கள் திரும்பி வந்து முயன்றபோது திரையில் ஒரு கோப்பு காணவில்லை அல்லது மாற்றப்பட்டிருக்கிறது என்ற செய்தி வந்தது. எப்படியோ அச்சைக் கொண்டுவந்த பிறகுதான் நியூயார்க்கிலிருந்து வந்து கிடந்த கேள்விகளைப் பார்த்தார்கள். பதில் கேட்கலாம் என்றால் அங்கே விடுமுறை. மின்னஞ்சல் போட்டார்கள், அழைத்துப் பார்த்தார்கள். பணத்தை நிறுத்தச் சொன்ன தகவல் மணிலாவில் பார்வைக்கு வருவதற்குள் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. 81 மில்லியனில் சுமார் 15 மில்லியன்தான் பின்னர் மீண்டது. மார்ச் 15 அன்று வங்கியின் ஆளுநர் அதியுர் ரஹ்மான் பதவி விலகினார்.

அந்தப் பிரிண்டர்தான் அந்த வங்கியின் கண்காணிப்புக் கருவி. பழங்கால ஏற்பாடு என்று கேலி செய்யலாம். என் கணக்கில் அது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் அச்சான தாளை எந்த ஹேக்கராலும் அழிக்க முடியாது. குறை எங்கே என்றால், தாள் வராமல் போனதை யாரும் ஒரு செய்தியாகப் படிக்கவில்லை. இரண்டாவது குறை, தாளை அச்சிடச் சொல்லும் நிரலும் திருடன் உட்கார்ந்திருந்த அதே கம்ப்யூட்டரில் இருந்தது. பதிவு எழுதுகிற கணக்குப்பிள்ளை, திருடன் கைக்கு எட்டாத இன்னொரு வீட்டில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் எங்கோ டாக்காவில் என்று நினைத்திருந்தோம். இரண்டே ஆண்டில் கும்பகோணத்துக்கு வந்தது.

1904இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி, 2018 பிப்ரவரியில் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஸ்விஃப்ட் வழியாகத் தங்களுக்குத் தெரியாமல் மூன்று பரிமாற்றங்கள் போயிருக்கின்றன என்றது. ஒன்று துபாய்க்கு 5 லட்சம் டாலர், ஒன்று துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, ஒன்று சீனாவுக்கு 10 லட்சம் டாலர். பிப்ரவரி 6 மாலை ஸ்விஃப்ட்டோடு இணைந்த பிரிண்டர் முடக்கப்பட்டிருந்தது; அதனால் பணம் போனதற்கான ஒப்புகைத் தாள்கள் வரவில்லை என்று வங்கித் தலைவர் என். காமகோடி செய்தியாளர்களிடம் சொன்னார். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பிரிண்டர் தந்திரம்!

ஆனால் முடிவு அதே இல்லை. 6ஆம் தேதி செவ்வாய். மறுநாள் புதன், வேலை நாள். காலையில் வழக்கமான கணக்கு ஒப்பிடலில் மூன்றும் மாட்டிக்கொண்டன. உடனே சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தகவல் போனது. துபாய்க்குக் கிளம்பிய தொகை வழியிலேயே நின்று திரும்பியது. தினமும் காலையில் பேரேட்டைச் சரிபார்க்கும் பழக்கம் எந்த மென்பொருளையும்விட முதலில் கூவியது.

ஸ்விஃப்ட் நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. வங்கதேசச் சம்பவத்துக்குப் பின் 2016இல் வாடிக்கையாளர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அறிவித்து, 2017இல் விதிகளை வெளியிட்டது: கட்டாயமானவை 16, பரிந்துரைகள் 11. ஸ்விஃப்ட் கருவிகளை வங்கியின் பொது நெட்வொர்க்கிலிருந்து பிரித்துத் தனிப் பாதுகாப்பு வளையத்துக்குள் வை என்பது கட்டாய விதிகளில் ஒன்று. ஸ்விட்சைப் பிரி என்பதைக் கோட்டு சூட்டுப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி நம் வீடு.

உங்கள் வீட்டில் ஸ்விஃப்ட் அறை இல்லை. ஆனால் நெட்பேங்கிங் பார்க்கும் லேப்டாப்பும், ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த வைஃபை கேமராவும், டிவியும், மாடியில் குடியிருப்பவர் பையனின் போனும் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மலிவுக் கேமரா என்ன செய்துவிடும் என்பவர்கள் 2016இன் பிற்பகுதியை நினைத்துப் பார்க்கலாம். மிராய் என்ற நிரல், கேமராக்களிலும், கேமரா படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டிகளிலும், ரவுட்டர்களிலும் தொழிற்சாலையிலிருந்தே வரும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை அறுபது சொச்சம் மட்டும் கையில் வைத்துக்கொண்டு இணையத்தைத் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றைப் படையாகத் திரட்டியது. அந்த அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் பெயர் சேவையகங்களை, அதாவது இணையதளப் பெயரைக் கம்ப்யூட்டர் முகவரியாக மாற்றித் தருபவற்றை, அந்தப் படை அடித்தபோது அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தள்ளாடின. மிராய் கருவியின் தற்காலிக நினைவில்தான் குடியிருக்கும். கேமராவை அணைத்துப் போட்டால் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடத்தில் திரும்பி வந்துவிடும்.

பாஸ்வேர்டு மாற்றுங்கள் என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதைப் பெட்டிக்கு அடியில் ஒட்டியபடியே விட்டவர்கள்தான் அதிகம். பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனோ எண்ணோ கொண்டு வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைப் பார்த்தால் கோடிக்கணக்கான வாய்ப்பு இருப்பதுபோலத் தெரியும். ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் உடையும் என்பது 2011இலேயே வெளிவந்த விஷயம்.

பிரிப்பதற்கு விலேன் எல்லாம் வீட்டில் வேண்டாம். ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை இருந்தால் கேமரா, ஸ்மார்ட் பல்பு, விருந்தாளி போன் எல்லாவற்றையும் அங்கே தள்ளுங்கள். டிவியையும் தள்ளினால் போனிலிருந்து டிவிக்கு வீடியோ அனுப்புவது நின்றுபோகும். வீட்டில் திட்டு விழும். எங்கள் வீட்டில் டிவி மெயின் வைஃபையிலேயே இருக்கிறது. எல்லாச் சண்டையும் போட முடியாது.

இன்னொரு வழியும் உண்டு, பலருக்குக் கையிலேயே இருக்கிறது. இணையக் கம்பெனிக்காரர் மாட்டிய ஃபைபர் பெட்டியிலேயே வைஃபை வரும். அதற்குப் பின்னால் கடையில் வாங்கிய சொந்த ரவுட்டர் ஒன்றை மாட்டுகிறீர்கள் என்றால், சும்மா இரண்டு வைஃபை ஆகிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். கேமராவும் விருந்தாளிகளும் முன்பெட்டியில். உங்கள் லேப்டாப்பும் போனும் பின்ரவுட்டரில். பின்ரவுட்டரை வைஃபை நீட்டிப்பான் மாதிரி போடாமல், ரவுட்டராகவே போட வேண்டும். அப்போது உள்ளே இருப்பவர் வெளியே எட்டிப் பார்க்கலாம். வெளியே இருப்பவர் தானாக உள்ளே தட்ட முடியாது. இதைத் திருப்பிப் போட்டுவிட்டு, அதாவது கேமராவை உள்ளே வைத்து லேப்டாப்பை வெளியே வைத்துவிட்டு, பிரித்துவிட்டேன் என்றவரையும் பார்த்திருக்கிறேன். திண்ணையில் நகையை வைத்துவிட்டு விருந்தாளியைப் பூஜையறையில் படுக்க வைத்த கதை.

கடை விஷயத்துக்கு ஒரு நாள் வேலையை மட்டும் சொல்கிறேன்.

மொத்த மளிகைக் கடை. பில்லிங் கம்ப்யூட்டர் மூன்று, கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்டர், 16 கேமராவுக்கு ஒரு டிவிஆர், வாடிக்கையாளருக்கு இலவச வைஃபை. எல்லாம் கல்லாவுக்கு அடியில் தூசி படிந்த ஒரே ஸ்விட்சில். வீட்டிலிருந்து கேமரா பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி, வாங்கியிருந்தார். யாரோ வந்து டிவிஆருக்கு ரவுட்டரில் ஒரு போர்ட் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். இந்தப் போர்ட் கேபிள் ஓட்டை இல்லை, இணையத்திலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட கதவு. அதோடு நில்லாமல், ஆடிட்டர் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வசதியாக 3389ஐயும் திறந்திருந்தார்கள். அது விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் கதவு. இணையம் முழுக்க நாள் முழுதும் நிரல்கள் தட்டிப் பார்க்கும் கதவு. விண்டோஸ் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவைத் திறந்து கடைக்காரருக்குக் காட்டினேன். தோற்ற நுழைவு முயற்சிகள் திரை திரையாக ஓடின.

"நம்ம கடைக்கு எவன் தம்பி வரப்போறான்?"

"வந்துக்கிட்டே இருக்கான் அண்ணாச்சி. இன்னும் தொறக்கல, அவ்வளவுதான்."

முதல் வேலையாக ரவுட்டரில் திறந்திருந்த இரண்டு போர்ட்டையும் மூடினேன். கருவிகள் தாமே போர்ட் திறந்துகொள்ள உதவும் யூபிஎன்பி வசதியையும் அணைத்தேன். அதை விட்டுவைத்தால் டிவிஆர் நாளைக்கே தானாகத் திறந்துகொள்ளும். வெளியிலிருந்து வருபவருக்கு விபிஎன் என்ற பூட்டிய தனிப் பாதை மட்டும். ஆடிட்டருக்கு ஆரம்பத்தில் எரிச்சல். கூடுதலாக ஒரு பட்டன் அழுத்த வேண்டியிருக்கிறதே என்று. இரண்டு நாளில் பழகிவிட்டார்.

அப்புறம் எட்டு போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று. சில ஆயிரம் ரூபாய்தான். பில்லிங்கும் கணக்கும் பிரிண்டரும் விலேன் 10. டிவிஆர் விலேன் 20. வாடிக்கையாளர் வைஃபை 30. எட்டாவது போர்ட் ரவுட்டருக்கு, மூன்று எண்ணையும் சுமந்துகொண்டு. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வேலை முடிந்தது என்று பையைத் தூக்கிவிடுவார்கள். முடியவில்லை. ஸ்விட்ச் பிரித்த மூன்று குழுவையும் ரவுட்டர் தன் பங்குக்கு ஒன்றாகச் சேர்த்து வைக்கும். ஒரு நெட்வொர்க்கையும் இன்னொன்றையும் இணைப்பதுதான் அதன் பிழைப்பே. 20இலிருந்து 10க்குப் போகாதே, 30இலிருந்து எங்கும் போகாதே, இணையத்துக்கு மட்டும் போ என்று விதி எழுதினால்தான் பிரிந்தது பிரிந்ததாக இருக்கும்.

டாக்கா பிரிண்டரை நினைத்து இன்னொன்றும் செய்தேன். தினமும் இரவு கணக்குக் கோப்பு தனியாக ஒரு பெட்டிக்கு நகலாகும். முடிந்ததும் கடைக்காரர் போனுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். மெயில் வந்தால் படிக்கக்கூட வேண்டாம் அண்ணாச்சி, வரலேன்னா அன்னைக்கே எனக்குப் போன் போடுங்க என்று சொல்லியிருக்கிறேன். நகலை இழுத்து வைப்பது அந்தப் பெட்டிதான். பில்லிங் கம்ப்யூட்டர்களுக்கு அந்தப் பெட்டியில் எழுத அனுமதி கிடையாது. ஒரு கம்ப்யூட்டரில் நச்சு நிரல் வந்து கோப்புகளைப் பூட்டினாலும் நகலைத் தொட முடியாது.

கடைசியில் சோதனை. இதற்குப் பிங் அடித்து, அதாவது 'இருக்கிறாயா' என்று இன்னொரு கம்ப்யூட்டரைக் கேட்டுப் பார்த்து, பதில் வரவில்லை, சரியாகிவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது. பல இடங்களில் விண்டோஸே பிங்கைத் தடுத்து வைத்திருக்கும். விலேன் வேலை செய்யாவிட்டாலும் பதில் வராது. எனவே டிவிஆர் கேபிளைப் பிடுங்கி என் லேப்டாப்பில் குத்தினேன். திருடன் டிவிஆருக்குள் இருந்தால் அவனுக்கு எது தெரியுமோ அதுதான் இப்போது எனக்கும் தெரியும். பிரிண்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், வரவில்லை. பில்லிங் கம்ப்யூட்டரின் பகிர்வு ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். காலையில் இதே லேப்டாப்பில் ஒரு நொடியில் திறந்தது. இப்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் முகம் வாடிவிட்டது.

"என்ன தம்பி, நெட்டு போயிருச்சா?"

"இல்ல அண்ணாச்சி. இது திறக்காம இருக்கத்தான் இவ்வளவு நேரம் கல்லாவுக்கு அடியில கிடந்தேன்."